பழைய ஓவியங்களின் நிறம் வெளிறுவதை, ஓவியத்துக்குத் தீங்கில்லாமல் ஆராய்வது: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், மல்லேஸ்வரம் ஆகிய பகுதிகளில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் தஞ்சாவூர்ப் பலகைப் படம், மைசூர் ஓவியம், ரவி வர்மா அச்சுப்படம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கக்கூடும். ஓவியப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் என்னிடம் இக்குடும்பத்தினரும் நுண்கலை மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிறம் வெளிறுவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

வெள்ளை வேட்டியில் சாம்பார்க் கறை பட்டால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவந்துவிடும். அலசி வெயிலில் உலர்த்தினால் மாலைக்குள் பெரும்பாலும் காணாமற்போகும். மஞ்சளுக்கு நிறம் தரும் மூலக்கூறு ஒளியை உறிஞ்சி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து சிதைகிறது. சாயப்பொருள் துணியிலிருந்து எங்கும் போய்விடவில்லை. நிறத்தைக் காட்டும் அதன் அமைப்பு மட்டும் உடைந்துவிட்டது. வேட்டியில் ஒரே பகலில் நடப்பதுதான், ஓவியத்தில் அறுபது, எண்பது ஆண்டுகளில் நடக்கிறது.

எல்லா நிறங்களும் இப்படி வெளிறுவதில்லை. செங்காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் ஒளிக்கு அசைவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்து 1931-இல் கண்டறியப்பட்ட சோழர் கால ஓவியங்களில் காவி நிறங்கள் இன்றும் தெளிவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். மாறாக, அரக்குச் சிவப்பு, மஞ்சிட்டி வேர்ச் சிவப்பு, மக்கி மஞ்சள் ஆகிய உயிர்ப்பொருள் நிறங்கள் ஒளியில் தேய்கின்றன. அவுரி நீலம் துணியில் நன்றாகத் தாங்கினாலும், காகிதத்தில் மெல்லிய பூச்சாக இருக்கும்போது அவ்வளவு தாங்காது. கனிமம் என்பதாலேயே ஒரு நிறம் உறுதியானது என்றும் சொல்லிவிட முடியாது. அரிதாரம் என்னும் மஞ்சள் கனிமம் ஒளியில் வெளிறும். சாதிலிங்கம் என்னும் சிவப்புக் கனிமம் சில சூழல்களில் கறுக்கும். ஈய வெள்ளை, கந்தக வாயு பட்டால் கறுத்துப்போகும். ஆகவே நிறம் மாறுவது வேறு, வெளிறுவது வேறு என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பூஜையறைப் படம் மங்கியிருக்கிறது. அது வெளிறலா, அழுக்கா?

பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். விளக்குக் கரியும் ஊதுவத்திப் புகையும் படத்தை முழுவதுமாக, குறிப்பாக மேற்பகுதியை, ஒரே சீராகப் பழுப்பாக்கும். ஒளியால் ஏற்படும் வெளிறல் அப்படிப்பட்டதன்று. அது ஆள் பார்த்து அடிக்கும். கண்ணனின் நீலமேனி அப்படியே இருக்க, பக்கத்தில் நிற்கும் கோபியின் சேலை மட்டும் சாம்பல் பூத்திருந்தால், ஒளியின் வேலை என்று சந்தேகிக்கலாம். ஈரப் பஞ்சால் ஒரு மூலையைத் துடைத்துச் சோதித்துப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பலகைப் படத்தின் நிறங்கள் பல, நீரில் கரையும் பசையால் பிணைக்கப்பட்டவை; பஞ்சில் வருவது அழுக்கு மட்டுமாக இருக்காது.

முன்பு என்ன நிறம் இருந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

கருவிகளை எடுப்பதற்கு முன்னால் படத்தின் சட்டத்தைத்தான் கழற்றிப் பார்க்கிறோம். சட்டத்தின் உள்விளிம்பு படத்தின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அளவுக்கு மூடியிருக்கும். அந்த ஓரத்தின்மேல் பல பத்தாண்டுகளாக வெளிச்சம் விழவில்லை என்பதால், ஓவியர் தீட்டிய நிறத்துக்கு மிக அருகில் நிற்கும் சாட்சி அதுவே.

அல்சூரில் ஒரு வீட்டில் ராமர் பட்டாபிஷேகப் பலகைப் படம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். படத்தின் மேற்பகுதியில் தொங்கும் திரைச்சீலை, இப்போது சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த, பெயர் சொல்ல முடியாத ஒரு நிறத்தில் இருந்தது. அந்தத் திரை தன் சிறுவயதில் அரக்கு நிறத்தில் இருந்தது என்று வீட்டுப் பாட்டி சொல்ல, வயதானதால் குழம்புகிறார் என்று பேரன்கள் சிரித்தார்கள். பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தை மெதுவாகத் தூக்கியபோது, மேல் ஓரத்தில் ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்கு, வெற்றிலை போட்ட உதட்டைப்போல ஆழ்ந்த சிவப்பு ஒரு கோடாகத் தெரிந்தது. பாட்டி எழுந்து வந்து பார்க்கக்கூட இல்லை; அவருக்கு அது தெரிந்த சங்கதிதானே.

இது நம் ஊர்ப் படங்களுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883-இல் வரைந்த மதாம் லியோன் கிளாப்பிசோன் உருவப்படம் சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. அதன் சட்டத்தைக் கழற்றியபோது, ஓரத்தில் கொழுந்துவிடும் சிவப்பு தெரிந்தது. பின்னணி முழுவதும் முன்பு அப்படி இருந்து, பின்னர் வெளிறியிருந்தது. அது கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயம் என்று ஆய்வில் தெரியவந்தது. நம் அரக்கும் பூச்சி தருவதுதான் என்பதால், இரண்டும் ஒளியில் நடந்துகொள்ளும் விதத்தில் உறவு இருப்பதில் வியப்பில்லை.

சட்டத்தை மாற்றக் கடைக்குக் கொடுக்கும்போது, புதிய சட்டத்துக்குப் பொருந்துவதற்காகப் படத்தின் ஓரத்தை வெட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. அச்சுப்படங்களில் இது அடிக்கடி நடக்கிறது. வெட்டிப் போடுவது வெறும் ஓரம் அன்று, இருக்கும் ஒரே சாட்சி.

தொடாமல், சுரண்டாமல் நிறமியை அடையாளம் காணும் கருவிகள் யாவை?

ஒவ்வொரு கருவியும் ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதால், இவற்றைச் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி, கையில் பிடிக்கும் துளைபோடும் இயந்திரம்போல இருக்கும். படத்தின் மேற்பரப்புக்கு அருகில் வைத்தால், அங்குள்ள தனிமங்களைச் சொல்லும். பாதரசம் என்றால் சாதிலிங்கம். ஈயமும் குரோமியமும் சேர்ந்து வந்தால் குரோம் மஞ்சள். செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்து வந்தால், 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவான மரகதப் பச்சையாக இருக்கலாம். ஆனால் கார்பன், ஹைட்ரஜன் போன்ற இலேசான தனிமங்கள் இதன் கண்ணுக்குப் புலப்படா. ஆகவே வெளிறும் வழக்கமுள்ள தாவர, பூச்சிச் சாயங்களைப் பற்றி இது ஊமையாகவே இருந்துவிடும்.

அந்த இடத்தில் ஒளி பிரதிபலிப்பு அலைமாலை கைகொடுக்கிறது. மெல்லிய ஒளியிழை வழியாகப் படத்தின்மேல் வெளிச்சம் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கிறோம். பூச்சிச் சிவப்புகளும் மஞ்சிட்டி வகைச் சிவப்புகளும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஒளியை விழுங்கும் பள்ளங்கள் சற்று வேறு அலைநீளங்களில் விழும்: முன்னவற்றில் ஏறத்தாழ 525, 565 நானோமீட்டர்களிலும், பின்னவற்றில் அவற்றுக்குச் சற்றே குறைந்த அலைநீளங்களிலும். அகச்சிவப்புக் கேமரா இன்னும் எளிய ஒரு வேலையைச் செய்யும். அவுரியும் பிரஷ்ய நீலமும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். அகச்சிவப்பில் அவுரி பளிச்சென்று வெளுத்தும் பிரஷ்ய நீலம் கறுத்தும் தெரியும். புற ஊதா ஒளியில் மஞ்சிட்டிக் குடும்பச் சாயம் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாக மிளிரும் என்பதால், கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்துவிட்ட பூச்சுகூடச் சில வேளைகளில் அந்த ஒளியில் முகம் காட்டும்.

ராமன் நிறமாலைமானியைப் பற்றிப் பேசும்போது, திருச்சியில் பிறந்து, பெங்களூரில் 1948-இல் தம் பெயரிலேயே ஆய்வுக்கழகம் அமைத்து வாழ்ந்து மறைந்த சி.வி. ராமன் நினைவுக்கு வராமல் போவதில்லை. 1928-இல் அவர் கண்ட ஒளிச்சிதறலை வைத்து, ஒரு நிறமித் துகள் இன்ன சேர்மம் என்று இன்று உறுதியாகச் சொல்கிறோம். இதிலும் எச்சரிக்கை வேண்டும்: லேசர் ஒளியின் ஆற்றல் கூடிவிட்டால், செந்தூரம் போன்ற ஈய நிறமிகள் அந்த இடத்திலேயே கறுத்துவிடும். தொடாத கருவியெல்லாம் தீங்கற்ற கருவி ஆகிவிடாது.

இனிமேல் எவ்வளவு வெளிறும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா?

முடியும். அதற்கான முறையை நுண்வெளிறல் சோதனை என்று சொல்லலாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பால் விட்மோரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 1999-இல் வெளியிட்ட இந்த முறை, இன்று பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் வழக்கத்தில் இருக்கிறது.

செனான் விளக்கின் ஒளியிலிருந்து புற ஊதாக் கதிரையும் வெப்பக் கதிரையும் வடிகட்டிவிட்டு, மிச்சத்தை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். ஒரு கடுகின் பரப்பில் அத்தகைய புள்ளிகள் பல அடங்கும். அந்தப் புள்ளியில் ஒளியின் செறிவு பல பத்து லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். உச்சி வெயிலே ஒரு லட்சம் லக்ஸ்தான். ஒளியைப் பாய்ச்சும் அதே நேரத்தில், திரும்பி வரும் நிறத்தையும் நொடிக்கு நொடி அளந்துகொண்டே இருப்பதுதான் இதன் சூட்சுமம். நிற வேறுபாட்டைக் குறிக்கும் டெல்டா ஈ என்ற அளவு, கண் இனங்காணத் தொடங்கும் எல்லையை நெருங்கும்போது விளக்கை மூடிவிடுகிறார்கள். நன்றாகப் பயின்றவர் செய்தால், சோதித்த இடம் எதுவென்று பிறகு அவருக்கே தெரியாது.

கிடைக்கும் எண்ணைத் தனியே வைத்துப் பொருள் கொள்ள முடியாது. எனவே ஒப்பிட நீலக் கம்பளி அட்டை ஒன்றை வைத்திருப்பார்கள். அதில் எட்டு நீலத் துணிப் பட்டைகள் இருக்கும். முதலாவது மிக விரைவாக வெளிறும், எட்டாவது மிக மெதுவாக வெளிறும். நம் படத்தின் சிவப்பு முதல் பட்டையைப்போல வெளிறுகிறதா, மூன்றாவதைப்போலவா என்று தெரிந்துவிட்டால், அதை எவ்வளவு வெளிச்சத்தில், ஆண்டுக்கு எத்தனை வாரம் வைக்கலாம் என்று தீர்மானிக்கலாம்.

இந்தச் சோதனைக்கும் ஓட்டைகள் உண்டு. ஐம்பது லக்ஸில் பல ஆண்டுகள் வைப்பதும், அதே மொத்த ஒளியைப் பத்து நிமிடத்தில் கொட்டுவதும் ஒரே விளைவைத் தரும் என்பது இதன் அடிப்படை; எல்லா நிறமிகளும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. பிரஷ்ய நீலம் இன்னும் விசித்திரமானது: ஒளியில் வெளிறியபின் இருட்டில் வைத்தால், காற்றின் துணையோடு ஓரளவு நிறத்தைத் திரும்பப் பெறும். ஆகவே சோதனையின் முடிவை ஆண்டுக் கணக்கு சொல்லும் ஜோசியமாக எடுத்துக்கொள்ளாமல், எந்த நிறம் முதலில் ஆபத்தில் இருக்கிறது என்ற வரிசையாக எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

அப்படியானால் இதைத் தீங்கற்ற சோதனை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நேர்மையாகச் சொன்னால், முழுவதும் தீங்கற்றது என்று நான் சொல்வதில்லை. 50 லட்சம் லக்ஸ் செறிவில் பத்து நிமிடம் சோதித்தால், அந்தப் புள்ளி மட்டும் எட்டு லட்சத்துக்குச் சற்று அதிகமான லக்ஸ்-மணி (லக்ஸை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) ஒளியைப் பெறுகிறது. 50 லக்ஸ் வெளிச்சத்தில், நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் காட்சிக்கு வைக்கப்படும் ஓவியம் ஓராண்டில் பெறுவது 1,20,000 லக்ஸ்-மணி. அதாவது, கடுகிலும் சிறிய ஓர் இடத்துக்கு ஏழாண்டுக் காட்சியைப் பத்து நிமிடத்தில் செலவழிக்கிறோம். அதனால் கிடைக்கும் அறிவைக் கொண்டு மிச்சமுள்ள பரப்பு முழுவதையும் காக்கிறோம். வெளிறல் பெரும்பாலும் திரும்பாத செலவு என்பதால், அதை ஆராயும் ஒளியும் அந்தக் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும். ஆய்வாளர் பயன்படுத்திய விளக்கு, செறிவு, நேரம், படத்தில் சோதித்த இடம் ஆகியவற்றைப் பதிவுசெய்து உரிமையாளரிடம் ஒரு படி கொடுக்காவிட்டால், கேட்டு வாங்குங்கள்.

மாதிரியே எடுக்காமல் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட முடியுமா?

முடியாது. மேலே சொன்ன ரெனுவார் படத்தில்கூட, சாயம் இன்னதென்று உறுதிசெய்யக் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு துணுக்கு தேவைப்பட்டது. வீட்டுப் படத்துக்கு அந்த உறுதி தேவையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை.

செல்போனில் ஆண்டுதோறும் படம் எடுத்து ஒப்பிட்டால் போதாதா?

எதுவும் இல்லாததற்கு அது மேல். ஆனால் செல்போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக நிறத்தைத் திருத்திக்கொள்ளும். ஐந்தாண்டில் படம் வெளிறினால் அதையும் சேர்த்துத் திருத்திக் காட்டிவிடும். ஒவ்வொரு முறையும் படத்துக்கு அருகில் ஒரே நிற ஒப்பீட்டு அட்டையை வைத்து, ஒரே விளக்கில், ஒரே தொலைவிலிருந்து எடுத்தால், அட்டையின் நிறத்தை வைத்துப் பிழையைக் கழிக்கலாம். அட்டையைப் பயன்படுத்தாத நேரத்தில் இருட்டில் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதுவும் வெளிறும். இதைவிட மலிவான இன்னொரு வழியும் உண்டு. நீலக் கம்பளி அட்டையின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, படத்தின் பக்கத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தாளை விலக்கினால், எத்தனை பட்டைகளில் கோடு விழுந்திருக்கிறது என்பதைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

எங்கள் வீட்டு ஹாலில் மாட்டுவது ஆபத்தா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெங்களூரின் புதிய அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல்கள் பெரியவை. நேர்வெயில் படாத சுவரில்கூடப் பகலில் 500 லக்ஸ் இருப்பது சாதாரணம். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால், ஓராண்டில் 18 லட்சம் லக்ஸ்-மணிக்குமேல் போகிறது. நீலக் கம்பளி அட்டையின் முதல் பட்டை, புற ஊதாக் கதிர் இல்லாத ஒளியிலேயே சுமார் மூன்று லட்சம் லக்ஸ்-மணியில் கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடும். இரண்டாம் பட்டைக்குச் சுமார் பத்து லட்சம், மூன்றாவதற்கு முப்பது லட்சம். அந்த ஹாலில், முதல் பட்டையைப் போன்ற மென்மையான நிறம் இரண்டு மாதத்திலேயே மாறத் தொடங்கும். ஒளியூட்டலுக்கான பன்னாட்டு ஆணையமான சி.ஐ.இ., 2004-இல் வெளியிட்ட பரிந்துரையில், இத்தகைய பொருள்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணியை எல்லையாக வைத்திருக்கிறது.

பழைய வீடுகளின் பூஜையறைக்கு இதே கணக்கைப் போடுங்கள். ஜன்னலில்லாத அறையில் 30 லக்ஸ், நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால், ஆண்டுக்கு 43,800 லக்ஸ்-மணி. அந்த மூன்று லட்சத்தை எட்ட ஏறக்குறைய ஏழாண்டு ஆகும். கரி படிந்தாலும் இருட்டு காப்பாற்றியிருக்கிறது. தாத்தா காலத்தில் பூஜையறையில் இருந்தவரை நன்றாக இருந்த படம், ஃபிளாட்டுக்கு வந்தபின் சில ஆண்டுகளிலேயே வெளிறிவிட்டது என்று பலர் வருந்துவதன் காரணம் இதுதான்.

எல்.இ.டி. விளக்கும் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் போட்டால் போதுமல்லவா?

இரண்டும் நல்லவை, ஆனால் வெளிறலை வேகம் குறைக்குமே தவிர நிறுத்தா. மென்மையான சாயங்களைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே சிதைக்கும். ஃபிளாஷைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள்: கல்யாணத்துக்கு வந்தவர் நான்கு முறை ஃபிளாஷ் அடித்ததால் படம் கெட்டுவிடாது, எதிர் ஜன்னலின் திரையை நாள் முழுவதும் திறந்து வைப்பதுதான் கெடுக்கும்.

போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

சிதைந்த சாயத்தைத் திரும்ப உருவாக்க வழியில்லை. ஆனால் படத்தைத் தொடாமலே பழைய தோற்றத்தைக் காட்டிய ஓர் அழகான முயற்சி இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடம் ஒன்றில் 1964-இல் மாட்டப்பட்ட, அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் பெரிய ஓவியங்கள், அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு வெயிலில் வெளிறியதால் 1979-இல் கழற்றி வைக்கப்பட்டன. 2014-இல் அவற்றை மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு நிறம் குறைந்திருக்கிறது என்று கணக்கிட்டு, அந்தக் குறையை மட்டும் புரொஜெக்டர் ஒளியால் படத்தின்மேல் விழச்செய்தார்கள். விளக்கை அணைத்தால், வெளிறிய ஓவியம் அப்படியே நிற்கும்.

இதற்கு நேர்மாறான வேலையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த பலகைப் படம் ஒன்றைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி, நகரத்துக் கடை ஒன்றில் வெளிறிய இடங்களில் எல்லாம் புது வண்ணம் பூசியிருந்தார்கள். வீட்டார் அதைப் பழைய நிறம் என்றே நம்பினார்கள். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியை வைத்தபோது, சேலையிலும் திரையிலும் டைட்டானியம் வந்தது. டைட்டானிய வெள்ளை 20-ஆம் நூற்றாண்டில்தான் விற்பனைக்கு வந்தது. படமோ அதற்கு முந்தையது. அடியிலிருந்த மெல்லிய சிவப்பைப் பிரித்தெடுக்க, நானறிந்த பாதுகாப்பான வழி எதுவும் இல்லை.

பெங்களூரில் யாரிடம் காட்டுவது? எப்படிக் கொண்டுபோவது?

குமாரகிருபா சாலையிலுள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத்தில், பண்பாட்டு மரபைக் காக்கும் இன்டாக் அமைப்பின் ஓவியப் பாதுகாப்பு மையம் செயல்பட்டுவருகிறது. லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு மைசூரில் ஒரு மண்டல ஆய்வகம் உண்டு. என்ன சோதனை செய்துதர முடியும் என்பதை முதலில் கேட்டறிந்துகொண்டு செல்லுங்கள்.

படத்தைத் துடைக்காமல், சட்டத்தைக் கழற்றாமல், பழைய பருத்திப் புடவையில் சுற்றி, முகம் மேலே பார்க்கும்படி கிடையாகக் கொண்டுபோங்கள். புடைப்பு வேலையில் கல் ஏதேனும் உதிர்ந்திருந்தால், அதை ஒட்டாமல் ஒரு காகித உறையில் தனியே போட்டுக் கொடுங்கள். படம் மாட்டியிருந்த சுவரின் பழைய புகைப்படம் ஆல்பத்தில் இருந்தால், கருப்பு வெள்ளையாக இருந்தாலும் அதையும் எடுத்துச்செல்லுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பது அதில் தெரியும்.